எழுதிய அளவும் மாற்றிய அளவும்



கட்டடத் தொழிலில் பல்லாண்டு பழகிய பெரியவர் ஒருவரிடம், சாதாரணக் கட்டமைப்பு எஃகின் இழுவலிமை எவ்வளவு என்று கேட்டால், அவர் சற்றும் தயங்காமல் நாற்பத்திரண்டு என்று விடை சொல்லக்கூடும். அதே கேள்வியைப் பின்வந்த தலைமுறைப் பொறியாளரிடம் கேட்டால், அவரும் அதே உறுதியோடு நானூற்றுப் பத்து என்பார். இருவர் சொல்வதும் உண்மையே. முன்னவர், எஸ்டி 42 என்று இந்தியத் தர ஏடுகளில் பெயர் பெற்றிருந்த எஃகை, சதுர மில்லிமீட்டருக்கு 42 கிலோகிராம் விசை என்னும் கணக்கில் மனத்தில் வைத்திருக்கிறார். பின்னவர், எஃப்இ 410 என்று பிற்காலத்தில் பெயர் மாறிய எஃகைச் சதுர மில்லிமீட்டருக்கு 410 நியூட்டன் என்று கற்றிருக்கிறார். கான்கிரீட்டின் வரலாறு இதனினும் கவனத்துக்குரியது. 1964-ஆம் ஆண்டின் ஐஎஸ் 456 தர ஏட்டில் எம் 150 என்றிருந்த கலவை, சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோகிராம் விசையைத் தாங்குவது. 1978-இல் அவ்வேடு திருத்தி வெளியிடப்பட்டபோது, அலகு நியூட்டனாகவும் மில்லிமீட்டராகவும் மாறியதால், அதன் இடத்தில் எம் 15 வந்து அமர்ந்தது.

தொழிலறிந்த மனிதர் இவ்விரு பெயர்களையும் கண்டால் ஒரு கணத்தில் உண்மையை உணர்ந்துகொள்வார். ஏனெனில் அவருடைய நினைவில் எண்ணோடு அலகும், அலகோடு காலமும் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆனால் ஒரு பழைய பாலத்தின் ஆய்வறிக்கையும் ஒரு புதிய பாலத்தின் ஆய்வறிக்கையும் ஒரே தரவுத்தளத்துக்குள் புகுந்து, வலிமை என்னும் ஒரே பத்தியின் கீழ் 150 என்றும் 15 என்றும் அடுத்தடுத்து நிற்கும்போது, அவற்றைப் படிக்கிற கணினிக்கு ஒன்று மற்றொன்றைப் போலப் பத்து மடங்கு வலிமையுடையது என்பதைத் தவிர வேறொன்றும் தெரிய வழியில்லை. பொருள்களின் பண்புகளைத் திரட்டிவைக்கும் இத்தகைய களஞ்சியங்களில் அலகுகளை எவ்வாறு பேணுவது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம்.

இதில் இருவகை அபிப்பிராயங்கள் உண்டு. எந்த அலகில் வந்தாலும், உள்ளே நுழையும்போதே எல்லாவற்றையும் மெகாபாஸ்கலாகவும் கெல்வினாகவும் கிலோகிராமாகவும் மாற்றி, ஒரே முறையில் சேமித்துவிட வேண்டும் என்பது ஒன்று. இது எளிமையானது, நிரல் எழுதுவோர் விரும்புவது. மூலத்தில் எப்படி எழுதப்பட்டதோ அப்படியே, எண்ணின் கடைசிச் சுழியம் உட்பட, அந்த அலகோடு காத்துவைத்து, மாற்றிய மதிப்பை அதன் பக்கத்தில் வேறு கட்டத்தில் கணக்கிட்டு வைக்க வேண்டும் என்பது மற்றொன்று. நான் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவன். மாற்றிய மதிப்பு என்பது, மூலத்தைப் படித்த ஒருவர் அதற்குக் கொடுத்த வியாக்கியானம். வியாக்கியானம் எவ்வளவு சிறந்ததாயினும் அதற்காக மூலத்தை அழித்துவிடுவது முறையாகாது என்பதே என் நிலை. இதற்குரிய காரணங்களைச் சில உதாரணங்களால் காட்ட விரும்புகிறேன்.

அமெரிக்கத் தரமான ஏ 36 எஃகை எடுத்துக்கொள்வோம். சதுர அங்குலத்துக்கு 36 ஆயிரம் பவுண்டு விசைக்குக் குறையாமல் அது நிலையான உருத்திரிபுக்கு இடங்கொடாது நிற்க வேண்டும் என்பதே அதன் பெயரில் உள்ள 36-க்குப் பொருள். இதைக் காரணியால் பெருக்கினால் 248.2 மெகாபாஸ்கல் வருகிறது. ஆனால் தர ஏட்டிலோ 250 மெகாபாஸ்கல் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. ஏடு இயற்றியவர்கள் பெருக்கத் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடலாகாது. இரண்டு அலகு முறைகளுக்கும் தனித்தனியே ஒரு முழு எண்ணை அவர்கள் நியமித்திருக்கிறார்கள். ஒருவர் எந்த முறையைத் தேர்ந்துகொள்கிறாரோ அதையே இறுதிவரை பின்பற்ற வேண்டும், இரண்டையும் கலக்கக் கூடாது என்பது அத்தகைய ஏடுகளின் விதி. சற்றுமுன் சொன்ன எம் 150-உம் இப்படித்தான். துல்லியமாகப் பெருக்கினால் 14.7 ஆக வேண்டிய அது, நியமத்தால் 15 ஆயிற்று. ஆகவே கணிதத்தால் வரும் சமம் ஒன்று, நியமத்தால் வரும் சமம் மற்றொன்று. 250 என்று மட்டும் சேமித்த தரவுத்தளம், அதை மறுபடி அமெரிக்க அலகுக்கு மாற்றிக் காட்டும்போது 36.26 என்னும் எண்ணைக் காட்டும்; அப்படியொரு தரம் உலகில் எங்கும் இல்லை. அந்த 36.26-ஐ வேறொரு தரவுத்தளம் நகலெடுத்து மறுபடியும் மாற்றினால், சோதனைச் சாலையில் எவரும் அளக்காத தசமங்கள் உண்மையான அளவீடுகளின் தோற்றத்தோடு உலாவத் தொடங்கிவிடும். மாற்றியதை மீண்டும் மாற்றலாகாது என்னும் விதியை நான் வற்புறுத்துவது இதனால்தான். ஒவ்வொரு மாற்றமும் மூலத்திலிருந்தே புறப்பட வேண்டும்.

அடுத்து, வெப்பநிலை. ஃபாரன்ஹீட்டைச் செல்சியஸாக்க 32-ஐக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுக்க வேண்டும் என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்தது. ஆனால் எஃகின் வெப்ப விரிவுக் கெழு, ஒரு ஃபாரன்ஹீட் பாகைக்குப் பத்து லட்சத்தில் 6.5 பங்கு என்று அமெரிக்கக் கையேட்டில் இருக்கும்போது, அங்கே இருப்பது வெப்பநிலை வேறுபாடே. அதில் 32-க்கு இடமில்லை. 1.8-ஆல் பெருக்கினால் ஒரு செல்சியஸ் பாகைக்கு 11.7 பங்கு என்று சரியான விடை கிடைக்கிறது. பாகைக் குறியைக் கண்டவுடனே வெப்பநிலைச் சூத்திரத்தைப் பிரயோகிக்கும்படி எழுதப்பட்ட நிரல், இந்தச் சிறு எண்ணிலிருந்து 32-ஐக் கழித்து, மைனஸ் 17.8 என்று ஒரு கெழுவைத் தயங்காமல் எழுதி வைத்துவிடும். அந்த அளவு விபரீதமான விடையாவது கண்ணில் படும். பெருக்கவே மறந்து, 6.5 என்பதைச் செல்சியஸ் பத்தியில் அப்படியே ஏற்றிவிட்டால் என்ன நேரும்? நூறு மீட்டர் நீளமுள்ள பாலம், 40 செல்சியஸ் பாகை வெப்பம் ஏறும்போது ஏறக்குறைய 47 மில்லிமீட்டர் நீள வேண்டியிருக்க, 26 மில்லிமீட்டர்தான் நீளும் என்று கணக்குச் சொல்லும். அந்தக் கணக்கை நம்பி விடப்பட்ட இடைவெளி போதாமற்போகும். ஆகவே ஓர் எண்ணுக்கு அதன் அலகின் குறி மட்டும் போதாது. அது எவ்வகை அளவு, வெப்பநிலையா, வெப்பநிலை வேறுபாடா என்பதும் உடன் எழுதப்பட வேண்டும்.

குறியும் சரியாயிருந்து, அளவின் வகையும் சரியாயிருந்து, அப்போதும் எண் நம்மை ஏமாற்றக்கூடும் என்பதற்குப் படிகவியலின் சரித்திரத்தைவிடச் சிறந்த சான்றை நான் கண்டதில்லை. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். எக்ஸ் கதிர்களின் அலைநீளத்தை அளக்க, ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி மானே சீக்பான், கால்சைட் படிகத்தின் அணுத்தளங்களுக்கு இடையேயுள்ள தூரத்தை அடிப்படையாக வைத்து ஓர் அலகை ஏற்படுத்தினார். எக்ஸ் அலகு எனப்பட்ட அதில் ஆயிரம் சேர்ந்தால் ஓர் ஆங்ஸ்ட்ராம் ஆகும் என்பதே எண்ணம். ஆனால் அந்தக் கால்சைட் தூரத்தை அறிய ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை அணுக்கள் உள்ளன என்று தெரிய வேண்டும். அதற்கு அவகாட்ரோ எண் வேண்டும். அவகாட்ரோ எண்ணுக்கு எலெக்ட்ரானின் மின்னூட்டம் வேண்டும். அந்த மின்னூட்டத்தையோ மில்லிகன் என்னும் விஞ்ஞானி எண்ணெய்த் துளிகளைக் காற்றில் விழவிட்டு அளந்திருந்தார். அவர் கையாண்ட காற்றின் பாகுநிலை மதிப்பு சிறிது குறைவாயிருந்தது. அதன் பயனாக மின்னூட்டம், பழைய நிலைமின் அலகில் பத்தின் மைனஸ் பத்தாம் அடுக்கோடு, 4.803 என்று வர வேண்டிய இடத்தில் 4.774 என்று வந்தது. நூற்றுக்கு 0.6 என்னும் அந்தப் பிழை, கனத்திலிருந்து நீளத்துக்கு இறங்கும்போது மூன்றில் ஒன்றாகி, நூற்றுக்கு 0.2 என்னும் பிழையாகக் கால்சைட்டில் குடிபுகுந்தது. கால்சைட்டிலிருந்து, அதைக்கொண்டு அளக்கப்பட்ட உலோகங்கள் யாவற்றிலும் பரவியது.

எக்ஸ் கதிர்களின் அலைநீளத்தைக் கோடு கீறிய கண்ணாடித் தகடுகளால் நேரே அளக்கும் வழி பிறந்தபோது இவ்வேறுபாடு வெளியாயிற்று. 1947-இல் படிகவியல் அறிஞர் வில்லியம் லாரன்ஸ் பிராக், ஆயிரம் எக்ஸ் அலகு என்பது 1.00202 ஆங்ஸ்ட்ராம் என்று எல்லோரும் ஏற்றுக்கொள்ளத்தக்க காரணியை அறிவித்தார். அதற்கு முன் அச்சான கட்டுரைகளில் அநேகம், தாங்கள் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் ஆங்ஸ்ட்ராம் என்றே குறித்திருந்தன. உண்மையில் அவை எக்ஸ் அலகின் ஆயிரத்தையே குறித்தன. நம் நாட்டில் படி என்றும் மரக்கால் என்றும் ஒரே பெயர் வழங்கி, ஊருக்கு ஊர் கொள்ளளவு வேறுபட்டிருந்ததைப் போன்றதே இது. ஆனால் இங்கே வேறுபாடு ஊரால் வந்ததன்று, ஆண்டால் வந்தது. அலுமினியத்தின் படிகக் கூட்டின் பக்கம் இன்று 4.0495 ஆங்ஸ்ட்ராம் என்று கொள்ளப்படுகிறது. அதையே பழைய அலகில் எழுதினால் 4.0413 ஆகும். அந்த எண்ணை ஆங்ஸ்ட்ராம் என்று நம்பித் தரவுத்தளத்தில் ஏற்றிவிட்டால், அலுமினியத்தின் விரிவுக் கெழுவைக்கொண்டு பார்க்கும்போது, உலோகத்தை ஏறக்குறைய 88 பாகை குளிர்வித்து அளந்தது போன்ற மயக்கம் உண்டாகும். அதற்குப் பிறகும் விஷயம் முடிந்துவிடவில்லை. அளவீடுகள் நுட்பமாக நுட்பமாகக் காரணியும் 1.0021-ஐ ஒட்டி நகர்ந்தது. செம்பின் கதிரை வைத்து வரையறுத்தால் ஒரு மதிப்பும் மாலிப்டினத்தின் கதிரை வைத்து வரையறுத்தால் சிறிதே வேறான மதிப்பும் ஏற்பட்டன. 1950-இல் மாற்றி, மூலத்தை எறிந்துவிட்ட ஒருவர் இந்தப் புதிய காரணியை எங்கே கொண்டுபோய்ப் பிரயோகிப்பார்? மூல எண்ணையும், வெளியான ஆண்டையும், எந்தக் காரணியால் மாற்றப்பட்டது என்பதையும் காத்துவைத்தவருக்கோ இது ஒரு நாழிகை வேலை.

பெரிய பிழைகளைக் குறித்து உலகம் நிரம்பப் பேசுகிறது. 1999 செப்டம்பரில் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்னும் அமெரிக்க விண்கலம் செவ்வாயை அடைந்த வேளையில், நியூட்டன் வினாடியில் வர வேண்டிய கணக்கு பவுண்டு விசை வினாடியில் வந்திருந்தமையால் இழக்கப்பட்டதை அறியாதவர் இத்துறையில் இல்லை. அங்கே வேறுபாடு 4.45 மடங்கு. அத்தகைய பிழைகள், எவ்வளவு துன்பம் விளைத்தாலும், தம்மை வெளிப்படுத்திக்கொள்கின்றன. பொருட்பண்புக் களஞ்சியங்களில் எனக்கு அச்சந்தருபவை ஒன்றுக்கு மிக அருகில் நிற்கும் காரணிகள். வெப்ப வேதியியலின் கலோரி 4.184 ஜூல், நீராவி அட்டவணைகளின் கலோரி 4.1868 ஜூல், இரண்டும் கலோரி என்றே எழுதப்படுகின்றன. வளிமண்டல அழுத்தத்துக்கும் பாருக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு ஏறக்குறைய 1.3. விரிசலுற்ற உலோகம் முறியாமல் தாங்கும் திறனை அமெரிக்கர் ஆயிரம் பவுண்டு, அங்குலம் என்னும் அலகிலும், பிறர் மெகாபாஸ்கல், மீட்டர் என்னும் அலகிலும் சொல்கிறார்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள காரணி 1.099 மட்டுமே. அலகு மாறிவிட்டாலும் எண் பொருத்தமாகவே தோன்றும். பத்து சதவீதப் பிழை, சோதனைக்குச் சோதனை இயல்பாக நேரும் ஏற்றத்தாழ்வுக்குள் மறைந்துகொள்ளும். இந்தத் தாங்குதிறனில் நீளத்தின் வர்க்கமூலம் வருகிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன். பரிமாணங்களின் அடுக்குகள் யாவும் முழு எண்களே என்று எண்ணிக்கொண்டு கட்டப்பட்ட அலகு நிரல்கள் இங்கே வந்து தடுமாறுகின்றன.

அலகே இல்லாத எண்களும் உண்டு. அவற்றை அபாயமற்றவை என்று கருதிவிட வேண்டாம். எஃகில் 0.8 சதவீதம் கார்பன் என்றால், எடையால் 0.8 என்பது வழக்கு. அதையே அணுக்களின் எண்ணிக்கையால் சொன்னால் 3.6 ஆகிவிடும். காந்த ஏற்புத்திறன் இன்னும் விசித்திரமானது: பருமனைக் கொண்டு சொல்லும்போது அதற்கு எந்த முறையிலும் பரிமாணம் கிடையாது; ஆயினும் பழைய சென்டிமீட்டர் கிராம் வினாடி முறையில் எழுதிய மதிப்பை இன்றைய முறைக்குக் கொண்டுவர நான்கு பையால், அதாவது ஏறக்குறைய 12.57-ஆல் பெருக்க வேண்டும். பரிமாணமற்றது என்று சொல்லி அலகுக் கட்டத்தைக் காலியாக விடுகிற பழக்கம் இங்கே பன்னிரண்டு மடங்குப் பிழைக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

இனிக் கடினத்தன்மைக்கு வருவோம். இதைக் குறித்து நான் சற்று அழுத்தமாகவே பேச வேண்டியிருக்கிறது. 1900-ஆம் ஆண்டில் பிரினெல் அறிமுகப்படுத்திய சோதனையில், எஃகை அளக்கும்போது, பத்து மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டு மூவாயிரம் கிலோகிராம் விசையால் அழுத்தப்படுகிறது. பதிவின் வளைபரப்பால் விசையை வகுத்தால் பிரினெல் எண். விக்கர்ஸ் முறையில் வைரக் கூம்பகம் பதிந்த குழியின் மூலைவிட்டம் அளக்கப்படுகிறது. ராக்வெல் முறையிலோ குழியின் பரப்பே கணக்கில் வருவதில்லை. எவ்வளவு ஆழம் இறங்கிற்று என்பதே எண்ணாகிறது. இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு நிகழ்ச்சிகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக அட்டவணைகள் இருக்கின்றன. ஏஎஸ்டிஎம் இ 140 அவற்றுள் பிரசித்தமானது. ஆயினும் அந்த அட்டவணையைத் திறந்து பார்த்தால், சாதாரண எஃகுக்கு ஒன்று, நிக்கல் கலவைகளுக்கு ஒன்று, ஆஸ்டெனைட் வகைத் துருவுறா எஃகுக்கு ஒன்று என்று தனித்தனியே வகுத்திருப்பதைக் காணலாம். அழுத்த அழுத்த இறுகும் இயல்பு உலோகத்துக்கு உலோகம் வேறுபடுவதால், ஒன்றுக்குரிய அட்டவணை மற்றொன்றுக்கு உதவாது. இவை பல மாதிரிகளைச் சோதித்து அனுபவத்தால் கண்ட பொருத்தங்கள், 25.4 மில்லிமீட்டர் ஓர் அங்குலம் என்பது போன்ற வரையறைகளோடு இவற்றைச் சமமாக வைக்கலாகாது. அங்குலத்தை மாற்றும் அதே பொத்தானைக் கொண்டு ராக்வெல்லை விக்கர்ஸாக மாற்றிக் காட்டும் தரவுத்தளம், மதிப்பீட்டுக்கு அளவீட்டின் உடையை அணிவித்து அனுப்புகிறது. அத்தகைய இடங்களில், இது மாற்றமன்று, இன்ன அட்டவணையால், இன்ன உலோக வகைக்கு, உத்தேசமாகக் கண்ட மதிப்பு என்று காட்ட வேண்டும். உலோகத்தின் வகை தெரியாவிட்டால் நிரல் மாற்ற மறுத்துவிட வேண்டும்.

நிரலுக்கு அவ்வாறு மறுக்கும் உரிமையை நாம் கொடுத்தே ஆக வேண்டும். காவலுக்கு ஏற்ற பண்புகள் சில இயற்கையிலேயே உள்ளன. எஃகின் யங் குணகம், எஃகு எவ்வகையானாலும், ஏறக்குறைய 200 ஜிகாபாஸ்கலிலிருந்து வெகுதூரம் விலகுவதில்லை; கிலோகிராம் விசையும் மில்லிமீட்டரும் கொண்ட அலகில் அது 20,000-க்குச் சற்று மேலும், பவுண்டும் அங்குலமும் கொண்ட அலகில் மூன்று கோடியை அடுத்தும் நிற்கும். ஜிகாபாஸ்கல் பத்தியில் 30 என்று ஒருவர் எஃகுக்கு எழுத வந்தால், அது பத்து லட்சம் பவுண்டில் சொன்ன எண்ணாக இருக்கக்கூடும் என்று நிரல் நிறுத்திக் கேட்கலாம். கேட்க வேண்டுமே தவிர, தானே திருத்திவிடக் கூடாது; மௌனமாகச் செய்த திருத்தத்தைப் பின்னால் வருபவர் கண்டுபிடிக்க வழியிராது.

இவ்வாறு காவல் வைத்தாலும் தீராத வழக்குகள் உண்டு. பழைய சோதனைச் சான்றிதழ் ஒன்றில் எஃகு, இழுவலிமை, 60 என்று மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பவுண்டும் சதுர அங்குலமுமானால் அது 414 மெகாபாஸ்கல்; கிலோகிராம் விசையும் சதுர மில்லிமீட்டருமானால் 588; பழைய பிரிட்டிஷ் வழக்கப்படி டன்னும் சதுர அங்குலமுமானால் 927. மூன்று வலிமைகளிலும் எஃகு உண்டு. ஆகையால் எல்லை பார்க்கும் காவலால் இதைத் தீர்க்க முடியாது. இங்கே அலகுக் கட்டத்தில் அறியப்படவில்லை என்று எழுதுவதற்கு இடமிருக்க வேண்டும்; அப்படி எழுதப்பட்ட எண்ணை எந்தக் கணக்கிலும் சேர்க்காமல் நிறுத்திவைக்கவும் வேண்டும். பின்னொரு நாள் அதே தாளின் மறுபக்கத்தில் பிரினெல் எண் 170 என்று ஒருவர் கண்டெடுக்கக்கூடும். சாதாரண எஃகுக்குப் பிரினெல் எண்ணைப் போல மூன்றரை மடங்குக்குச் சற்றே குறைய மெகாபாஸ்கலில் இழுவலிமை வரும் என்னும் அனுபவ விதியால், 588-ஐ ஒட்டிய விடை கிடைக்கும். கிலோகிராம் விசையே அந்த அலகு என்று கொள்ள ஆதாரமும் பிறக்கும். அப்போதும் அந்த முடிவு, யார், எந்த நாளில், எந்த ஆதாரத்தைக் கொண்டு செய்தார் என்னும் குறிப்போடு தனியொரு கட்டத்தில் ஏற வேண்டும். 60 என்று மட்டும் எழுதியிருக்கும் முதற் கட்டம் இருந்தபடியே இருக்கட்டும்.